எட்டு வாய் சைலன்சர்

சாதாரணக் காரின் சைலன்சருக்கு இரண்டு வாய் போதும். ஒன்றில் புகை நுழையும், மற்றதில் வெளியேறும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சைலன்சரைக் கழற்றித் தரையில் வைத்து எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். இரண்டு, இன்ஜினின் பின் சிலிண்டர்களோடு நேராகச் சேர்பவை. இரண்டு, முன் சிலிண்டர்களின் புகையைக் கொண்டுவரும் வெப்பமாற்றிகளோடு சேர்பவை. சிறியதாக இன்னும் இரண்டு, கார்புரேட்டருக்கு அடியில் போகும் ஒரு குழாயின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்பவை. மிச்சமுள்ள இரண்டில்தான் எல்லோரும் பார்த்துப் பழகிய குரோம் வால்குழாய்கள் செருகப்படுகின்றன.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர் பெயின்டின் சரியான நிறத்துக்காக மாதக்கணக்கில் அலைவார். இருக்கைத் துணியின் நெசவு, சக்கர மூடியின் குரோம், விளக்குக் கண்ணாடியில் உள்ள எழுத்து என்று எல்லாமே அந்த வருடத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். சைலன்சரின் முறை வரும்போது கையில் காசும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். வண்டிக்கு அடியில் கிடந்து துருப்பிடிக்கப் போகிற பொருள்தானே, சத்தம் அடங்கினால் சரி என்று கிடைத்ததை மாட்டிவிடுவார். கம்பெனி சைலன்சர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரைக் கண்காட்சி நடுவர்களுக்குப் பயந்தவர் என்று கேலி செய்வதும் உண்டு. பல கார்களில் அந்தக் கேலியில் நியாயம் இருக்கலாம். பீட்டிலில் இல்லை. இந்தக் காரில் புகைக்குழாய்தான் ஹீட்டர். கார்புரேட்டர் உறையாமல் காப்பதும் அதுதான். இன்ஜினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டிலும் அதற்குப் பங்கு உண்டு. அதை மாற்றினால் இவை மூன்றும் தடுமாறும்.

மொத்தம் 21,529,464 பீட்டில்கள் தயாராயின. கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது. இத்தனை வண்டிகள் ஓடியதால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை, சிக்கலே அதனால்தான். பல நாடுகளில் பல தரத்தில் சைலன்சர்கள் செய்யப்படுகின்றன, எல்லா வருடத்துக்கும் பொருந்தும் என்ற வாக்குறுதியோடு விற்கவும்படுகின்றன. ஆனால் 1955 ஆகஸ்டுக்கு முந்தைய பீட்டிலுக்கு வால்குழாய் ஒன்றுதான், அதன் பிறகே இரண்டு. 1960 ஆகஸ்டில் 1,192 சி.சி. இன்ஜின் புதிதாக வடிவமைக்கப்பட்டு 34 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. 1965இல் 1300 வந்தது, 1966இல் 1500 வந்தது. 1975இல் அமெரிக்காவுக்குப் போன பெட்ரோல் பீய்ச்சும் மாடலில் மறுபடியும் ஒற்றை வால்குழாய். ஆகவே முதலில் எந்த வருடத்து வண்டி என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே அறுபதுகளின் நடுவில் ஓடிய 34 குதிரைத்திறன் வண்டியை எடுத்துக்கொள்வோம்.

இன்ஜின் காரின் பின்புறம், பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலப்புறம் ஒன்றும் இரண்டும், இடப்புறம் மூன்றும் நான்கும். தண்ணீரோ ரேடியேட்டரோ கிடையாது. பெரிய விசிறி ஒன்று தகரக் கூட்டின் வழியாகக் காற்றைச் சிலிண்டர்கள் மீது அடிக்கிறது. இரண்டாம், நான்காம் சிலிண்டர்களின் புகைவழிகள் பின்னோக்கித் திறப்பதால் சைலன்சருக்குள் நேரே போய்விடலாம். ஒன்றும் மூன்றும் முன்னோக்கித் திறக்கின்றன. அவற்றின் புகை கீழே இறங்கி, திரும்பி, இன்ஜினுக்கு அடியில் அதன் நீளம் முழுவதையும் கடந்துதான் சைலன்சருக்கு வர வேண்டும். இந்தச் சுற்றுவழியை வீணாக்காமல் அதையே ஹீட்டராக மாற்றியதில்தான் வடிவமைத்தவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. அதற்கு முன் சத்தத்தைப் பார்த்துவிடலாம்.

புகைவால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப் போலச் சில மடங்கு அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த அழுத்தம் ஒரே வீச்சில் விடுபடுகிறது. அப்போது இரண்டு பயணங்கள் தொடங்குகின்றன. புகை ஒரு வேகத்தில் நகர்கிறது. அழுத்த அலை அதைவிட விரைவாக, ஒலியின் வேகத்தில், குழாய்க்குள் ஓடுகிறது. 20 டிகிரி வெப்பமுள்ள காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 500 டிகிரி சூடான புகையில் ஏறக்குறைய 550 மீட்டர். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் நொடிக்கு 100 வெடிப்புகள், அதாவது அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸ். சூடான புகையில் அந்த ஒலியின் அலைநீளம் ஐந்தரை மீட்டர் வருகிறது. பீட்டில் முழுக்காரின் நீளமே நான்கு மீட்டர்தான்!

இன்ஜின் முன்னால் இருக்கும் கார்களில் புகை மூன்று, நான்கு மீட்டர் குழாயில் பயணம் செய்து, ஆறி, அடங்கித்தான் சைலன்சரை அடையும். பீட்டிலில் அந்தச் சலுகை கிடையாது. பின் சிலிண்டர்களின் புகை வெளிவந்த சூட்டோடு சூடாக, ஒரு மீட்டருக்கும் குறைவான உருளைக்குள் வந்து விழுகிறது. அலையின் கால்பங்கு நீளமுள்ள கிளைக்குழாய் வைத்து ஒலியை ஒலியாலேயே அழிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு இங்கே ஒன்றே கால் மீட்டருக்கும் மேல் இடம் வேண்டும். எனவே தடுப்புச் சுவர்களையும் துளையிட்ட குழாய்களையும் திடீரென விரியும் அறைகளையும் வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் நுழையும் அலையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். அறையிலிருந்து மறுபடி குறுகலுக்குள் நுழையும்போது இன்னொரு பகுதி திரும்பும். உயர்ந்த சுருதிகள் இந்த அலைச்சலில் அழிந்துபோகும், தாழ்ந்த சுருதி ஓரளவு தப்பிவிடும். பீட்டிலின் தடதடப்பில் கேட்பது அப்படித் தப்பி வந்த ஒலிதான்.

அறையையும் கழுத்தையும் வைத்து ஒலியைப் பிடிக்கும் இயற்பியலை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகுத்தார். காலி சோடா பாட்டிலின் வாய்மேல் ஊதினால் ஒரே சுருதியில் ஊங்காரம் கேட்குமே, அந்தச் சுருதியைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவும் கழுத்தின் நீள அகலமும். அதே சுருதி குழாயில் வந்தால் அப்படிப்பட்ட அறை அதை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டார் வண்டிக்குச் சைலன்சர் செய்யும் எண்ணம் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வகத்தில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வண்டி கட்டிக்கொண்டிருந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

பீட்டிலின் குரல் தனி. தெருமுனையில் வரும்போதே அடையாளம் தெரியும். வெடிப்பு வரிசை 1-4-3-2. கிராங்க் தண்டின் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்பதால் இடைவெளிகள் சமம். ஆனால் அந்த வரிசையைப் புகை வரும் வழியோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்று நீண்ட வழி, நான்கு குறுகிய வழி, மூன்று நீண்ட வழி, இரண்டு குறுகிய வழி. நீண்ட வழியில் வரும் துடிப்புகள் சைலன்சரைச் சற்றுத் தாமதமாக அடைகின்றன. கூடுதல் தூரம் அரை மீட்டர் என்று கொண்டால் தாமதம் ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. 3,000 சுழற்சியில் இரு வெடிப்புகளுக்கு நடுவே இருப்பதே 10 மில்லிநொடிதான். சமமாகப் புறப்பட்டவை இரண்டிரண்டாக நெருங்கி வந்து சேர்கின்றன. அதற்கு மேல் வால்குழாய்களின் பங்கு. குரோம் பூசிய அந்தக் குழாய்க்குள் துளையிட்ட இன்னொரு மெல்லிய குழாய் இருக்கிறது. துளைகளை உரசிக்கொண்டு புகை விரையும்போது மெலிதாக ஒரு விசில் எழும். மலிவான வால்குழாய்களில் உள்குழாய் இருக்காது, இருந்தாலும் துளைகள் வேறு அளவில் இருக்கும். பார்வைக்குப் பீட்டில், காதுக்கு வேறு ஏதோ வண்டி.

நான் கம்பெனி சைலன்சர் பக்கம் சாய்வதற்குக் குரல் மட்டும் காரணமாக இருந்தால் இதை ஒரு ரசனை விவகாரம் என்று விட்டுவிடலாம். ஹீட்டர் விஷயம் அப்படி விடக்கூடியதல்ல.

பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் இன்ஜின் 15 கிலோவாட் வேலை செய்துகொண்டிருந்தால் ஏறக்குறைய அதே அளவு வெப்பம் புகையில் போகும் என்று கொள்ளலாம். அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலும் ஒன்றரை கிலோவாட், ஒரு பெரிய அறையைச் சூடாக்கும் மின் ஹீட்டருக்குச் சமம். ஃபோக்ஸ்வாகன் ஆலை இருக்கும் ஜெர்மன் நகரமான வோல்ஃப்ஸ்பர்க்கின் குளிர்காலத்தில் அதை வீணாக்க யாருக்கு மனம் வரும்? தண்ணீர் சுற்றும் இன்ஜினாக இருந்தால் சுடுநீரை ஒரு சிறு ரேடியேட்டர் வழியே விட்டு உட்புறத்தைச் சூடாக்கலாம். காற்றால் குளிரும் இன்ஜினில் புகையிடம்தான் வெப்பத்தைக் கேட்க வேண்டும்.

ஆரம்பக் காலத்தில் இதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே செய்தார்கள். சிலிண்டர்களைக் குளிர்வித்துவிட்டுச் சூடாகி வரும் அதே காற்றைத் திருப்பிக் காருக்குள் அனுப்பினார்கள். கூடவே எண்ணெய் வாடையும் வந்தது. சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கெட் எங்காவது கசிந்தால் புகையும் வந்தது. 1962இன் இறுதியில் இது மாறியது. விசிறிக் கூட்டிலிருந்தே தூய காற்றை இரண்டு தனிக் குழாய்களில் பிரித்தெடுத்து, முன் சிலிண்டர்களின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள தகர உறைக்குள் செலுத்தினார்கள். உள்ளே புகைக்குழாயின் மேல் அலுமினியத் துடுப்புகள் வரிசையாக நிற்கும். துடுப்புகளின் வேலை பரப்பைப் பெருக்குவது. உலோகத்திலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் வேகம் தொடும் பரப்பைப் பொறுத்தது. வழவழப்பான குழாயைக் காற்று ஒரு நொடியில் தாண்டிப் போய்விடும், துடுப்புகளுக்கு நடுவே புகுந்து வந்தால் சூடாகாமல் தப்ப முடியாது. சூடான காற்று காரின் இருபக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற கால்வாய்களின் வழியாக முன்னே போய்க் கால்களுக்கும் கண்ணாடிக்கும் வந்து சேரும்.

இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வெப்பமாற்றிகளில் அந்தத் துடுப்புகள் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். மாட்டிய பிறகு குளிர்காலத்தில் கால் விரல்கள் சொல்லும். பழைய ஜெர்மன் வெப்பமாற்றி துருப்பிடிக்காமல் கிடைத்தால் அதன் உறையை மட்டும் சரிசெய்து பயன்படுத்துவதே மேல் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். ஆனால் ஒரு நிபந்தனை. உள்குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டைகூட இருக்கக் கூடாது. அங்கே ஓட்டை விழுந்தால் புகை நேரே ஹீட்டர் காற்றில் கலக்கும். கார்புரேட்டர் இன்ஜினின் புகையில் சில விழுக்காடு கார்பன் மோனாக்சைடு இருக்கும். வாசனையோ நிறமோ இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம். வண்டி ஓட்டுபவருக்கு வரக் கூடாத தூக்கம்.

வெப்ப நாடுகளில் பலர் வெப்பமாற்றியையே எடுத்துவிட்டு வெறும் வளைகுழாயைப் போட்டுவிடுகிறார்கள். ஹீட்டர் தேவைப்படாத ஊரில் இதில் தவறென்ன என்று கேட்கலாம். விசிறிக் கூட்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் அந்த இரண்டு வாய்களை அப்போது மூடியாக வேண்டும். மூடாமல் விட்டால் சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்றில் ஒரு பகுதி அவற்றின் வழியே வெளியேறிவிடும். புகைக்குழாயை மாற்றியவர் இன்ஜின் ஏன் சூடாகிறது என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

இனி அந்தச் சிறிய இரு வாய்கள். பழுதுபார்ப்பவர்களே சில சமயம் இவற்றைத் தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். பீட்டிலுக்கு ஒரே கார்புரேட்டர், அது இன்ஜினின் நடுவில் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து இரு பக்கமும் மெல்லிய நீண்ட குழாய்களில் பெட்ரோல் கலந்த காற்று சிலிண்டர்களுக்குப் போக வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 15 கிலோ காற்று என்பது வழக்கமான கலவை. அவ்வளவு பெட்ரோலும் ஆவியானால் கலவையின் வெப்பநிலை 20 டிகிரி அளவுக்கு இறங்கும். வெளியே 10 டிகிரி, ஈரமான காற்று என்று வைத்துக்கொண்டால் கார்புரேட்டரின் தொண்டையில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். காற்றில் உள்ள ஈரம் அங்கேயே பனிக்கட்டியாகப் படியும். வண்டி இருமும், இழுக்காது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். சற்று நேரம் நிறுத்தி வைத்தால் இன்ஜின் சூட்டில் பனி உருகிவிடும், கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மெக்கானிக்கைக் குழப்புவதற்கு இதைவிடச் சிறந்த கோளாறு கிடையாது.

இதைத் தடுக்கத்தான் உள்ளிழுப்புக் குழாயோடு ஒட்டினாற்போல் இன்னொரு குழாய் ஓடுகிறது. அதன் இரு முனைகளும் சைலன்சரோடு இணைந்தவை. முனைகளுக்கு இடையே உள்ள அழுத்த வேறுபாடு சூடான புகையை அதன் வழியே தள்ளுகிறது, மேலே இருக்கும் குழாய் சூடாகிறது, உள்ளே ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் துளிகள் ஆவியாகின்றன. பல வருடம் ஓடிய வண்டிகளில் இந்தக் குழாய் கரி அடைத்துக் கெட்டியாகிக் கிடக்கும். புதிய சைலன்சரை மாட்டும் முன் கம்பியை விட்டு, தேவைப்பட்டால் சூடேற்றி, கரியை எரித்து வழியைத் திறக்க வேண்டும். பந்தய வண்டிபோல் தெரிவதற்காக விற்கப்படும் நான்கு குழாய் எக்ஸாஸ்ட்கள் சிலவற்றில் இந்த இணைப்புக்கே இடமில்லை. கோடையில் வாங்கி மாட்டியவருக்கு அந்தக் குறை மழைக்காலம் வரை தெரியாது.

அடுத்து, இன்ஜினைச் சுற்றியுள்ள தகரத் தடுப்பு. குழாய் பற்றிப் பேசும் இடத்தில் அது எதற்கு என்று தோன்றலாம். பீட்டிலின் இன்ஜின் அறை மேல்தளம், கீழ்த்தளம் என்று தகரத்தாலும் ரப்பராலும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விசிறி மேல்தளத்துக் குளிர்ந்த காற்றைத்தான் உறிஞ்ச வேண்டும். சூடான சிலிண்டர்களைக் கடந்த காற்றும் சைலன்சரின் அனலும் கீழ்த்தளத்தோடு நின்றுவிட வேண்டும். இந்தத் தடுப்பை முன்சொன்ன சிறு குழாய் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அந்த இடைவெளியை மூடச் சின்னச் சின்ன தகடுகள் உண்டு. பொருத்தமில்லாத சைலன்சரை வைத்தால் இத்தகடுகள் உட்காராது. உட்காராததை ஓரமாக வைத்துவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். விசிறி கீழேயுள்ள சூட்டைத் திரும்ப இழுத்து அதையே சிலிண்டர் மீது அடிக்கும்.

கம்பெனி சைலன்சரை விட்டுக்கொடுக்காதவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. இன்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் தேவை, அது இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்பார்கள். புகையை வெளியே விடாமல் தடுக்கும் அழுத்தத்தால் எந்த இன்ஜினுக்கும் லாபமில்லை. பிஸ்டன் அதை எதிர்த்துத் தள்ளத் தன் ஆற்றலைத்தான் செலவழிக்க வேண்டும். குழாயை மாற்றினால் இழுவை மாறுவது உண்மை, காரணம் வேறு. குழாய் முனையில் அகன்ற வெளியைக் கண்டதும் அழுத்த அலை தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். புகைவால்வும் உள்ளிழுப்பு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் கணத்தில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துப் புதுக் கலவைக்கு இடம் கொடுக்கும். தவறான நேரத்தில் வந்தால் உதவாது. குழாயின் நீளமும் விட்டமும் அந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டும் அந்தக் குழாய்க்கேற்பத் தேர்ந்ததுதான். புகை எளிதாக வெளியேறும் குழாயைப் போட்டுவிட்டு ஜெட்டைத் தொடாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறலாம். 34 குதிரைத்திறன் பீட்டிலில் இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறைவு. எனவே பந்தயக் குழாயால் கிடைக்கும் லாபமும் சொற்பம், சத்தம் மட்டும் தாராளம்.

அடுத்தது துரு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகவே தண்ணீர் உண்டாகும். நம்பச் சிரமமாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோலுக்குப் பிரதிநிதியாக ஆக்டேனை எடுத்துக்கொண்டால் 114 கிராம் எரிந்து 162 கிராம் தண்ணீர் தருகிறது. கூடுதல் எடை காற்றின் ஆக்சிஜனிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் 740 கிராம் அளவில் இருக்கும், அதிலிருந்து 1,050 கிராம் தண்ணீர். சூடான குழாயில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். உலோகம் சுமார் 50 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்சுவரில் வியர்க்கத் தொடங்கும். புகையிலுள்ள கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் கரைந்து அமிலமாகும். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியின் சைலன்சர் வெகுகாலம் நிற்கும். வாரத்தில் ஒருநாள் துணியை விலக்கி, ஐந்து நிமிடம் கிளப்பிவிட்டு, திரும்ப மூடி வைக்கும் கண்காட்சி வண்டியின் சைலன்சர் உள்ளிருந்தே அரித்துப்போகும். செல்லம் கொடுப்பதாக நினைத்து உரிமையாளர்கள் செய்யும் இந்தக் காரியத்தைவிட வண்டியைத் தொடாமலே விட்டுவிடுவது நல்லது. கிளப்பினால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள்.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சைலன்சர் போட்டால் என்ன? தொழிற்சாலையில் வந்தது சாதாரண இரும்புத் தகடு, எனவே நடுவர் மதிப்பெண் குறைப்பார். என் பார்வையில் வடிவமும் எட்டு வாய்களும் உள்ளமைப்பும் பழையபடியே இருந்தால் உலோகத்தை மாற்றுவதில் குற்றமில்லை. 304 என்ற ரகம் வெப்பத்தில் சாதாரண இரும்பைவிட ஒன்றரை மடங்கு வரை நீளும், அதை மனத்தில் வைத்து இணைப்புகளைப் பொருத்த வேண்டும். தகட்டின் தடிமன் மாறினால் குரலும் கொஞ்சம் மாறும். ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனி அமைப்புக்கு விசுவாசமாக இருக்கவே கூடாது. பழைய கேஸ்கெட்களிலும் அடைப்பு வளையங்களிலும் கல்நார் இருந்தது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பழையதைக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொள்ள வேண்டும், காற்றடித்தோ கம்பித் தூரிகையால் சுரண்டியோ தூசி கிளப்பக் கூடாது.

கழற்றுவது மாட்டுவதைவிடக் கஷ்டம். சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதில் திருகியிருக்கும் 8 மி.மீ. ஸ்டட்கள் இரும்பு. அறுபது வருடச் சூடும் ஈரமும் நட்டை ஸ்டட்டோடு ஒன்றாக்கியிருக்கும். ஸ்பேனரை வைத்துப் பலமாக இழுத்தால் ஸ்டட் முறிந்து பாதி ஹெட்டுக்குள் தங்கிவிடும். அங்கே வெப்பவிரிவு உதவிக்கு வருகிறது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டை 130 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் 8 மி.மீ. துளை, உள்ளே இருக்கும் ஸ்டட்டைக் காட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடுதலாகத் திறக்கும். கேட்பதற்கு அற்பம். பிடிப்பு விடுவதற்கு அதுவே போதும். நட் மட்டும் இறுகியிருந்தால் நட்டைச் சூடேற்ற வேண்டும், அதோடு ஊடுருவும் எண்ணெயும் காத்திருக்கும் மனமும் வேண்டும். புதிதாகப் போடும் நட் செம்பு பூசியதாக இருந்தால் அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

மாட்டும்போது வால்குழாய்களுக்கான இரண்டைத் தவிர மற்ற ஆறு வாயும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பதால் எதையும் முதலிலேயே முறுக்கிவிடக் கூடாது. வெப்பமாற்றிகளைப் புதிய கேஸ்கெட்டோடு முன் வழிகளில் கைமுறுக்காக நிறுத்தி, சைலன்சரை அவற்றின் முனைகளிலும் பின் ஸ்டட்களிலும் சேர்த்து ஏற்றி, மேலே போகும் சிறு குழாயின் இரு முனைகளும் தானாக வந்து உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்ஜினைக் கீழே இறக்கி வைத்திருக்கும்போதே இதைச் செய்தால் முதுகு தப்பும். எங்காவது இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றால் நட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கும் ஆசை வரும். அப்படி இழுத்துக் கட்டிய சைலன்சர் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அந்த இறுக்கத்தைச் சுமக்கும், சில மாதங்களில் வெல்டிங் ஓரத்தில் விரியும் அல்லது ஸ்டட்டைப் பிடுங்கும். குறையுள்ள ஃபிளாஞ்சை முதலிலேயே வெட்டித் திருத்தி ஒட்டுவதே சரியான வேலை. எல்லாம் தானாக உட்கார்ந்த பிறகு ஹெட்டோடு சேரும் நட்களை வலமும் இடமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கலாம், பிறகு சிறு குழாய், பிறகு கிளாம்ப்கள். வால்குழாய்கள் கடைசி. அவை இரண்டும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பின்னால் தள்ளி நின்று பார்க்க வேண்டும், யார் கண்ணிலும் முதலில் படுவது அந்தச் சமம்தான்.

முதல் முறை கிளப்பும்போது புதிய பெயின்டும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்து புகை கிளம்பும், பயப்பட வேண்டாம், வெளியிடத்தில் வைத்துக் கிளப்பினால் போதும். சில நிமிடங்களில் சிறு குழாயின் இரு முனைகளுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் இரண்டிலும் சூடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடென்றால் உள்ளே கரி மிச்சமிருக்கிறது. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பின்னால் பட் பட்டென்று வெடித்தால் எங்கோ ஓர் இணைப்பு காற்றை உள்ளே இழுக்கிறது என்று பொருள். ஒவ்வொரு அழுத்த அலைக்கும் பின்னால் ஒரு வெற்றிட அலை வருவதால் கசிவு இரு திசையிலும் நடக்கும், எரியாமல் வந்த பெட்ரோலோடு புதுக் காற்று கலந்து சூட்டில் வெடிக்கும். சில முறை ஓட்டி ஆறவிட்ட பிறகு கேஸ்கெட்கள் கொஞ்சம் அமுங்கியிருக்கும், எல்லா நட்களையும் குளிர்ந்த நிலையில் ஒருமுறை பார்த்து இறுக்க வேண்டும்.

கடைசிச் சோதனைக்கு மட்டும் அந்தக் காலத்துக்குரியதல்லாத ஒரு பொருள் தேவை. வீடுகளில் மாட்டும் பேட்டரி கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் காருக்குள் வைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அது கத்தினால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான். கத்தாவிட்டாலும் அதை எடுத்துவிடாதீர்கள், நடுவர்கள் வரும் நாளில் மட்டும் கையுறைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம்.